அவையில் வைக்கப்படும் விதிகளை யாராவது படிக்கிறார்களா?

மதுரைத் தேர்வர்:
குரூப் 1 மெயின்ஸுக்குப் படிக்கிறேன். ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல் (சட்டம் கொடுக்கிற அதிகாரத்தில் அரசு விதிகள் போடுவது) பாடத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், விதிகளை நாடாளுமன்றத்தின் இரு அவைகள் முன்பும் 30 நாள் வைக்க வேண்டும், அவை திருத்தலாம் அல்லது ரத்து செய்யலாம் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். நடைமுறையில் இதனால் ஏதாவது ஆகிறதா, இல்லை எல்லாவற்றையும் கோர்ட்டுதான் பார்த்துக்கொள்கிறதா?

கறுப்பு கோட்டு:
கோர்ட்டுதான். அந்த 30 நாள் ஷரத்தை ஒரு தடவை முழுசாகப் படித்துப் பாருங்கள். இரண்டு அவைகளும் ஒத்துக்கொண்டால்தான் விதியில் கை வைக்க முடியும். மக்களவையில் பெரும்பான்மை வைத்திருக்கிற அரசு, தன் அமைச்சகம் போட்ட விதியைத் தானே எதிர்த்து ஓட்டுப் போடுமா? அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் இன்னும் மோசம், அவையில் வைக்க வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறது. அப்படி வைக்காமலே விட்டாலும் உத்தரவு செல்லும் என்று 1979 அட்லஸ் சைக்கிள் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதே கோர்ட், கால் டிராப் ஆனால், அதாவது பேச்சு நடுவில் துண்டிக்கப்பட்டால், வாடிக்கையாளருக்கு 1 ரூபாய், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 3 ரூபாய் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட ஒழுங்குமுறையை, தாய்ச் சட்டத்தை (அதைப் போட அதிகாரம் தந்த சட்டத்தை) மீறியது, நியாயமற்றது என்று 2016ல் தூக்கி எறிந்தது. சில சமயம் தாய்ச் சட்டமே அடிபடும். 1960 ஹம்தர்த் தவாகானா வழக்கில், மருந்து விளம்பரம் செய்யத் தடையுள்ள நோய்கள் என்று எந்தெந்த நோய்களைப் பட்டியலில் சேர்க்கலாம் என்பதற்கு வழிகாட்டுதலே இல்லாமல் அரசுக்கு அதிகாரம் கொடுத்த பகுதி செல்லாது என்றார்கள்.

கோப்பு தள்ளுபவன்:
கோட்டு சார் சொல்வது பாதி சரி. இப்படிப் போடுகிற விதிகளை ஆராயும் நாடாளுமன்றத்தின் சார்நிலைச் சட்டமியற்றல் குழுவை விட்டுவிட்டீர்களே? மக்களவைக் குழுவில் 15 பேர், அமைச்சர் யாரும் இருக்க முடியாது. சட்டம் வந்த 6 மாதத்துக்குள் விதி போட வேண்டும், முடியாவிட்டால் குழுவிடம் போய் அவகாசம் கேட்க வேண்டும். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது, விதிகள் வந்தது 2024 மார்ச்சில். இடையில் உள்துறை அமைச்சகம் திரும்பத் திரும்ப அவகாசம் கேட்டுக்கொண்டே இருந்தது. குழு கேட்டால் கொடுத்துவிடுகிறது, அது உண்மைதான். அதன் பரிந்துரைக்கு அரசு கட்டுப்பட வேண்டும் என்றும் இல்லை. ஆனால் அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த வரிக்குச் சட்டத்தில் எங்கே அதிகாரம் இருக்கிறது என்று கேட்கிற இடம் நாடாளுமன்றத்துக்குள் அது ஒன்றுதான்.

காவிரிக்கரை:
கோர்ட்டை ரொம்பவும் நம்பாதீர்கள். யாராவது வழக்குப் போட்டால்தான் அங்கே கதவு திறக்கும், விதி செல்லாது என்று காட்டுகிற பாரமும் அவர் தலையில்தான். 2003ல் நம்ம தமிழ்நாட்டு சிறு கனிம விதிகளில் 38ஏ என்ற விதியைச் சேர்த்து, இனி ஆற்று மணலை அரசே அள்ளும் என்றார்கள். குத்தகைதாரர்கள் சுப்ரீம் கோர்ட் வரை வந்த வழக்கில் 2006ல் விதி செல்லும் என்று தீர்ப்பானது. விதி நல்லதா கெட்டதா என்று கோர்ட் பார்க்காது. அதிகாரம் உண்டா, அரசியலமைப்பையோ தாய்ச் சட்டத்தையோ மீறுகிறதா, அப்பட்டமாகத் தன்னிச்சையானதா, இப்படித்தான் பார்க்கும். அந்தக் காரணங்களை அந்தத் தீர்ப்பிலேயே வரிசையாக எழுதியிருக்கிறார்கள், பரீட்சைக்கு அதைப் படியுங்கள்.

மதுரைத் தேர்வர்:
நன்றி. ஒரே ஒரு சந்தேகம், இரு அவைகளும் சேர்ந்து விதியை ரத்து செய்தால், அதுவரை அந்த விதிப்படி கட்டிய அபராதம் திரும்பக் கிடைக்குமா?

கறுப்பு கோட்டு:
கிடைக்காது. முன்பு செய்தவை செல்லும் என்று அதே ஷரத்தின் கடைசி வரியில் இருக்கிறது.