டிஸ்க் இமேஜுக்கு 777 கொடுத்தும் 'பர்மிஷன் டினைட்': விஎம் ஆன் ஆகவில்லை

கேள்வி
வணக்கம். உபுண்டு 24.04-இல் கேவிஎம், லிப்விர்ட் வைத்து விஎம் (மெய்நிகர் கணினி) ஓட்டுகிறேன். ஹோம் ஃபோல்டருக்குள் 'விஎம்' என்ற ஃபோல்டரில் அதன் 40 ஜிபி டிஸ்க் இமேஜ் (கியூகவ்2 ஃபைல்) இருக்கிறது. விர்ட்-மேனேஜரில் இணைத்து ஆன் செய்தால் 'பர்மிஷன் டினைட்' என்று நின்றுவிடுகிறது. இமேஜுக்கு சிஎச்மாட் 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்தாயிற்று, அதே பிழைதான். வேறு எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1
முதலில் அந்த 777-ஐ எடுத்துவிட்டு 600 (ஓனர் மட்டும் படிக்க, எழுத) ஆக்குங்கள். சிக்கல் ஃபைலில் இல்லை, அதற்குப் போகும் வழியில் இருக்கிறது.

சிஸ்டம் இணைப்பில் (விர்ட்-மேனேஜரின் வழக்கமான இணைப்பு) விஎம்-ஐ இயக்கும் கியூஎமு உங்கள் கணக்கில் ஓடாது. உபுண்டு, டெபியனில் 'லிப்விர்ட்-கியூஎமு' என்ற பயனராக ஓடும், ஃபெடோராவில் 'கியூஎமு'. விஎம் ஆன் ஆகும்போது இமேஜின் ஓனரை லிப்விர்ட்டே அந்தப் பயனருக்கு மாற்றிக்கொள்ளும், ஆனால் மேலே உள்ள ஃபோல்டர்களைத் தொடாது. உபுண்டுவில் 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டருக்கு 750தான். அதாவது மற்றவர்களுக்கு 'எக்ஸ்' (ஃபோல்டரைக் கடந்து போகும் உரிமை) கிடையாது. வழியில் ஒரு ஃபோல்டரில் அது இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் ஃபைல் எட்டாது.

'நேம்ஐ -எல்' என்று அடித்து இமேஜின் முழுப் பாதையைக் கொடுங்கள். ஒவ்வொரு ஃபோல்டரும் தன் பர்மிஷனோடு தனி வரியில் வரும். மேலிருந்து கீழே படித்தால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். உறுதி செய்ய: 'சுடோ -யு லிப்விர்ட்-கியூஎமு ஸ்டாட்', பிறகு அதே பாதை. ஸ்டாட்டுக்கு ஃபைலைப் படிக்கும் உரிமை தேவையில்லை, அதனால் இங்கே பிழை வந்தால் குற்றம் ஃபோல்டரில்தான்.

தீர்வு: ஹோம் ஃபோல்டரில் 'செட்எஃப்ஏசிஎல் -எம் யு:லிப்விர்ட்-கியூஎமு:எக்ஸ்' (ஏசிஎல் மூலம் அந்த ஒரு பயனருக்கு மட்டும் உரிமை தரும் கட்டளை). 'எக்ஸ்' மட்டும் போதும், 'ஆர்' வேண்டாம். கடந்து போக முடியும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிட முடியாது. இதைவிட நல்லது, இமேஜை /வார்/லிப்/லிப்விர்ட்/இமேஜஸ் ஃபோல்டருக்கு நகர்த்திவிடுவது.

கேள்வி கேட்டவர்
நன்றி, ஆன் ஆகிவிட்டது. ஆனால் பாதுகாப்புக்காக ஹோம் ஃபோல்டரை 700 ஆக்கியதும் மறுபடி அதே பிழை. கெட்எஃப்ஏசிஎல் போட்டு ஏசிஎல்லைப் பார்த்தால் அந்த வரி அப்படியே இருக்கிறதே?

பதில் 2
அந்த வரியின் கடைசியில் 'எஃபெக்டிவ்:---' என்று இருக்கும், பாருங்கள். ஏசிஎல் உள்ள ஃபோல்டரில் சிஎச்மாட்டின் நடு இலக்கம் குரூப்பை அல்ல, மாஸ்க்கை (ஏசிஎல் உரிமைகளின் உச்ச வரம்பு) மாற்றும். நீங்கள் கொடுத்த 0 அந்த 'எக்ஸ்'-ஐ முடக்கிவிட்டது. 710 கொடுங்கள், சரியாகிவிடும்.

பதில் 3
இமேஜ் இன்னொன்றின் மேல் எழுதப்பட்ட ஓவர்லேயாக (மாற்றங்களை மட்டும் வைத்திருக்கும் இமேஜ்) இருந்தால் 'கியூஎமு-இமேஜ் இன்ஃபோ --பேக்கிங்-செயின்' போட்டு, அடியில் உள்ள ஒவ்வொரு இமேஜின் பாதையையும் இதே போலச் சோதியுங்கள். /மீடியா-வின் கீழ் மவுண்ட் ஆன டிஸ்க்கில் அடி இமேஜ் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும். அதற்குள் பயனர் பெயரில் இருக்கும் ஃபோல்டர் லாகின் செய்த பயனருக்கு மட்டுமே திறந்திருக்கும்.

பர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் 'ஜர்னல்சிடிஎல் -கே' வெளியீட்டில் 'டினைட்' என்று தேடுங்கள். இமேஜின் பெயரோடு வரி வந்தால் தடுப்பது ஆப்ஆர்மர் (உபுண்டுவின் தனிப் பாதுகாப்பு அடுக்கு), அதைச் சிஎச்மாட்டால் சரிசெய்ய முடியாது.