நார்டிக் பயிற்சியோடு எதைச் சேர்க்கலாம்? பின்தொடை பற்றி உதவி தேவை

வணக்கம். பள்ளி 100 மீட்டர் ஓட்டப் பிள்ளைகளுக்கான பின்தொடைப் பயிற்சி அட்டவணை இது. இப்போது செய்வது நார்டிக்: முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெதுவாக முன்னால் இறங்குவது. பிசியோ, பயிற்சியாளர் நண்பர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

பின்தொடைத் தசைகள் மூன்றும் உட்காரும் எலும்பில் தொடங்கி, இடுப்பையும் முட்டியையும் தாண்டிப் போய் ஒட்டுகின்றன. மூன்றில் ஒன்றான பைசெப்ஸ் ஃபெமோரிஸுக்கு நீளம், குட்டை என்று இரண்டு தலைகள் (தொடங்கும் பகுதிகள்). அதில் குட்டைத் தலை மட்டும் விலக்கு. அது தொடை எலும்பிலேயே தொடங்குகிறது. வேக ஓட்டத்தில் அதிகம் கிழிவது அதே தசையின் நீளத் தலை. (முட்டியை மடக்கினால் பின்னால் வெளிப்பக்கம் கயிறு மாதிரி தட்டுப்படுகிறதே, அது இந்தத் தசையின் நாண்.) பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், இடுப்பு மடங்கி முட்டி நீளும்போது, தசை நீண்டுகொண்டே காலைப் பிடித்து நிறுத்த வேண்டும். கிழிசல் பெரும்பாலும் அங்கேதான்.

ஆனால் நார்டிக்கில் இடுப்பு நேராகவே இருக்கிறது. நீட்சி முட்டிப் பக்கம் மட்டும். பிள்ளைகள் இடுப்பை மடக்கி இறங்கினால் சுமையும் குறைந்துவிடுகிறது.

இப்போதைய நார்டிக் திட்டம்: வாரம் 2 நாள், 2 சுற்று, சுற்றுக்கு 5 முறை, இறங்க 3 நொடி. இடுப்புப் பக்க நீட்சிக்கு ஒற்றைக்கால் ருமேனியன் டெட்லிஃப்ட்டை (ஒரு காலில் நின்று, எடையோடு இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்வது) எந்த வாரத்தில் சேர்ப்பது? எடைக்கு 5 லிட்டர் தண்ணீர் கேன்தான் இருக்கிறது. வேக ஓட்டம் முடிந்த கையோடு செய்யலாமா, மறுநாளா? செய்ய வைத்துப் பார்த்தவர்கள் சுற்று, எண்ணிக்கையோடு எழுதுங்கள்.