உதவி: வேப்பமரத்தடியில் நிற்கும் கார். மேலே பெயின்ற் உரிகிறது, உள்ளே தண்ணீர்

கோண்டாவிலான்:
வணக்கம். என்னுடையது 2014 ஆல்டோ, சிவப்பு. வாடகை வீடு, கராஜ் இல்லை. கார் விட ஒரே இடம் வேலியோரத்து வேப்பமரத்தடிதான். காலையில் நிழல் இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு மேற்கு வெயில் அப்படியே கூரையில் அடிக்கும். சித்திரை வெயிலுக்குப் பயந்து ஒரு நீலப் படங்கு வாங்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி மூடி வந்தேன். போன கிழமை நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் கூரையிலும் பொனற்றிலும் தேமல் விழுந்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். ஓரத்தை நகத்தால் தொட்டால் உரிகிறது.

அதோடு இந்த ஐப்பசி மழை தொடங்கி மூன்றாம் நாள், முன் இடப்பக்கக் காலடிக் கார்ப்பெற் ஊறி நாறத் தொடங்கிவிட்டது. காட்டிய இடத்தில், முன் கண்ணாடியைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும், கூரைக்குக் கட் அன் பொலிஷ் போதும் என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வெளிக்கிட்டு வந்துவிட்டேன். 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 இல் திறந்தும், வரியைப் பார்த்தால் புதிது எங்களுக்கு எட்டாது. இதைத்தான் காப்பாற்ற வேண்டும். கண்ணாடியைக் கழற்றத்தான் வேண்டுமா?

வடமராட்சியான்:
கழற்ற விடாதையும் தம்பி. முதலில் இரண்டு கேள்வி. மழை இல்லாத நாளில் ஏசி போட்டு ஓடினாலும் நனைகிறதா? அந்தத் தண்ணீரை விரலால் தொட்டால் பிசுபிசுப்பாக, ஒரு இனிப்பு மணத்தோடு இருக்கிறதா?

கோண்டாவிலான்:
இரண்டு கிழமையாக ஏசி போடவில்லை அண்ணை. மழைக்குப் பிறகுதான் நனைகிறது. பிசுபிசுப்பு இல்லை, வெறும் தண்ணீர். ஊத்தை நிறம்.

வடமராட்சியான்:
அப்ப ஏசித் தண்ணீர் வெளியே வடிகிற பைப் அடைப்பும் இல்லை, எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ற் ஒழுக்கும் இல்லை. மழைத்தண்ணீர்தான்.

மழைக்கோட்:
நான் என் காரில் கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கன் பூசிவிட்டேன். ஒரு ரியூப் போதும். செய்து பாருங்கோ.

பழைய ஏ40:
சிலிக்கனைக் கையில் எடுக்காதேங்கோ. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் பூசினால் வழி மறைந்துபோகும், ஒழுக்கு நிற்காது. பிறகு உண்மையிலேயே கண்ணாடி ஒட்ட வருகிறவன் அந்தப் பசையைச் சுரண்டிச் சுரண்டி உங்களைத் திட்டுவான்.

நீங்கள் வேப்பமரம் என்று சொன்னபோதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் நிற்கிற இடத்தில் கறுப்புப் பிளாஸ்ரிக் தட்டு ஒன்று இருக்கிறதல்லவா? அதில் கிறில் மாதிரி ஓட்டைகள். கண்ணாடியில் வழிகிற மழை அதற்குள் இறங்கி, இரண்டு பக்கமும் உள்ள வடிகாலால் நிலத்துக்குப் போக வேண்டும். மாமரத்தடியில் நின்றால் இலை மேலேயே கிடக்கும், கையால் அள்ளி எறியலாம். வேப்பிலை சின்னது, அந்த ஓட்டைக்குள்ளாலேயே இறங்கிவிடும். பங்குனி சித்திரையில் பூவும் கொட்டும். கோண்டாவில் செம்மண் புழுதியோடு சேர்ந்து ஊறினால் களிமண் அப்பின மாதிரி வடிகால் அடைபடும். தண்ணீர் தொட்டியில் நிற்கிற மாதிரி நின்று, காற்று உள்ளே போகிற வாயின் உயரத்துக்கு ஏறினால் அடுத்தது புளோவர் (உள்ளே காற்றுத் தள்ளுகிற விசிறி) வழியாக இடப்பக்கக் காலடிதான்.

சோதிக்கிறதென்றால் ஒருவர் ரோச்சோடு உள்ளே கால் வைக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். மற்றவர் ஓஸ் பைப்பை மெல்லத் திறந்து முதலில் கதவின் கீழ்ப்பக்கம், பிறகு அந்தப் பிளாஸ்ரிக் தட்டு, கடைசியாகக் கண்ணாடி ஓரம் என்று கீழிருந்து மேலே வர வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் பொறுமை வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து ஒன்றுமே பிடிபடாது.

கதவு றப்பரையும் பாருங்கோ: கடதாசித் துண்டொன்றை வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும். லேசாக வழுக்கி வந்தால் அந்த இடத்தில் றப்பர் இறுகிப்போயிற்று. றப்பருக்குச் சிலிக்கன் கிறீஸ் மட்டும் போடுங்கோ. எஞ்சின் ஒயில், மண்ணெண்ணெய் பட்டால் றப்பர் ஊதிப் பழுதாகும்.

டிங்கர் வேலைக்காரன்:
பெயின்ற்றுக்கு வருகிறேன். வெள்ளைத் திட்டில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் நிறத்துக்கு மேலே உள்ள கண்ணாடி மாதிரியான படை, கிளியர் கோட், போய்விட்டது. நனைந்தாலும் வளையமாக அப்படியே தெரிந்தால் அது கிணற்றுத் தண்ணீர்க் கறை. எங்கள் கிணறு எல்லாம் சுண்ணாம்புக்கல் தண்ணீர், கேத்திலில் படிகிற அதே வெள்ளைதான். அதற்கு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, தகரம் குளிர்ந்திருக்கும் நேரம் துடைத்து உடனே கழுவினால் போகும்.

நீங்கள் உரிகிறது என்கிறீர்கள், ஆகவே கிளியர் கோட்தான். கட் அன் பொலிஷ் என்பதே மேல்தோலைச் சீவி மினுக்குவது. கம்பனிப் பெயின்ற் எல்லாப் படையும் சேர்ந்தே ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர்தான். இல்லாத தோலை எங்கே சீவுவது? கூரையும் பொனற்றும் மறுபடி அடிக்க வேண்டும், வேறு வழி இல்லை. மற்றப் பக்கங்கள் நன்றாக இருந்தால் அவற்றுக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வக்ஸ் பூசுங்கள்.

குற்றம் பாதி படங்கில். காற்றுப் போகாத பிளாஸ்ரிக் இரவுப் பனியையும் ஈரத்தையும் உள்ளே பிடித்து வைக்கும், பகல் வெயில் அதை அவித்தெடுக்கும். சோளகக் காற்றில் படங்கு அடிக்கும்போது இடையில் உள்ள புழுதி அரத்தாள் மாதிரி. கவர் போடுவதென்றால் மூச்சு விடுகிற துணிக் கவர், அதுவும் கழுவித் துடைத்த காரின் மேல் மட்டும்.

வடமராட்சியான்:
காரில் முட்டாத நிழல்தான் நல்லது. வீட்டுக்காரர் தகரக் கொட்டகைக்குச் சம்மதிக்க மாட்டார் என்றால், நாற்றுமேடைக்குப் போடுகிற பச்சை வலையை நாலு பைப்பில் சரிவாகக் கட்டுங்கோ. மழையைத் தடுக்காது, வெயிலை வெட்டும். மேற்குப் பக்கம் கொஞ்சம் தொங்க விடுங்கோ. கிடுகு குளிர்ச்சிதான், ஆனால் எலி வரும். எனக்கு எலி வயர் கடித்து ஒரு சம்பளம் போனது. காகம், வௌவால் எச்சத்தைக் காய்ந்தபடி தேய்க்க வேண்டாம். ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்து எடுங்கோ.

கோண்டாவிலான்:
ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். கதவில் ஒன்றுமில்லை. பிளாஸ்ரிக் தட்டில் ஊற்றி மூன்றாம் நிமிடம் மச்சான் உள்ளேயிருந்து கத்தினான். வைப்பரைக் கழற்றித் தட்டைத் தூக்கினால், ஐயா சொன்னது போலவே, இடப்பக்க மூலையில் ஒரு சிரட்டை நிறையக் கறுப்புச் சேறு. கம்பியால் குத்தாமல் கையால் அள்ளி, தண்ணீர் விட்டேன். சக்கரத்துக்குப் பின்னால் கொட்டியது. கார்ப்பெற்றுக்குக் கீழே உள்ள பஞ்சு இன்னும் பிழியப் பிழியத் தண்ணீர். அதைக் கழற்றி வெயிலில் போட்டிருக்கிறேன்.

பழைய ஏ40:
பஞ்சு உள்ளும் புறமும் காயாமல் திரும்ப வைக்காதேங்கோ, தரைத் தகரம் துரு பிடிக்கும். அந்தத் தட்டுக்குக் கீழே நுளம்பு வலைத் துண்டொன்றை வெட்டி வையுங்கோ, இலை இறங்காது. அதையும் மாதம் ஒருக்கால் தட்ட வேணும்.

கோண்டாவிலான்:
வலை வைத்தாயிற்று ஐயா. நேற்றிரவு நல்ல மழை, காலையில் காலடி காய்ந்தே இருக்கிறது. படங்கை மச்சான் விறகு மூடக் கொண்டுபோய்விட்டான். கூரைப் பெயின்ற் தைக்குப் பிறகுதான், அதுவரை பச்சை வலை.