துகள்பெருக்கா, துகள்பொழிவா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

காஸ்மிக் கதிர்ச் சொற்பட்டியலில் 'ஏர் ஷவர்' (விண்வெளியிலிருந்து வரும் துகள் ஒன்று காற்றில் மோதி, துகள் கூட்டமாய்ப் பெருகித் தரைக்கு இறங்குவது) இன்னும் தமிழாகாமல் நிற்கிறது. 'காற்றுப்பொழிவு' எனக்கு உடன்பாடில்லை. பொழிவது காற்றன்று, காற்று ஊடகம் மட்டுமே.

10¹⁵ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் ஒன்று வளிமண்டலத்தின் மேற்பகுதியில், சுமார் 20 கி.மீ. உயரத்தில், அணுக்கரு ஒன்றில் மோதுகிறது. பிறக்கும் பையான்களில் (குறுகிய வாழ்நாள் கொண்ட துகள்கள்) மின்னூட்டமற்றவை உடனே இரண்டிரண்டு காமா ஒளித்துகள்களாகச் சிதைகின்றன. காமா எலக்ட்ரான்–பாசிட்ரான் இணையாகிறது. அவை மறுபடியும் காமாவை உமிழ்கின்றன. எலக்ட்ரானின் ஆற்றல் ஏறத்தாழ 85 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் அயனியாக்க இழப்பு மேலோங்கி, பெருக்கம் அடங்குகிறது.

இங்கே உயிர்நாடி பெருகுவதுதான். ஆகவே 'துகள்பெருக்கு' என்று முன்மொழிகிறேன். ஆடிப்பெருக்கில் உள்ள அதே பெருக்கு: எண்ணிக்கை கூடுவதும் திரண்டு இறங்குவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

இன்னொரு கேள்வி. புரோட்டானுக்குப் பதிலாகக் காமாக் கதிர் தொடங்கிவைப்பதை எப்படிக் குறிப்பது? காமாப் பொழிவுக்கு 'மியூவான் அற்ற பொழிவு'? (மியூவான்: மின்னூட்டமுள்ள பையான் சிதைந்து வரும் துகள்.)

மடல் 2

> உயிர்நாடி பெருகுவதுதான்.

இயற்பியல் சரி, ஐயா. ஆனால் கருவி பற்றி எழுதத் தொடங்கியதும் சொல் இடறுகிறது. ஊட்டியில் 2200 மீட்டர் உயரத்தில் உள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். தலா 1 சதுர மீட்டர் பரப்புள்ள சுமார் 400 பிளாஸ்டிக் மிளிர்வுக் கருவிகள் (துகள் பட்டால் ஒளிர்பவை), 8 மீட்டர் இடைவெளியில். ஒவ்வொன்றிலும் அந்த மங்கிய ஒளியை மின்துடிப்பாகப் பெருக்கும் ஒளிபெருக்கிக் குழாய். அதன் பெருக்கம் வெப்பநிலையோடு நகரும், அடிக்கடி அளவுத்திருத்தம் செய்தாக வேண்டும். 'பெருக்கின் அளவு மாறியது' என்று எழுதினால் மாறியது வானத்திலா குழாயிலா? ஒரே பத்தியில் இரண்டும் வரும். அதோடு, உச்சத்தைத் தாண்டித் தேய்வதையும் பெருக்கு என்பது பொருந்தவில்லை.

'துகள்பொழிவு' போதும். வளிமண்டலத்தில் மட்டுமல்ல, ஈயக்கட்டிக்குள் நடப்பதற்கும் பொருந்தும். எரிகல் பொழிவோடு குழப்பம் வராது, முன்சொல் பிரித்துக் காட்டிவிடும். கிளைச்சொற்களும் இயல்பாகவே வருகின்றன: பொழிவச்சு (பொழிவு இறங்கும் நடுக்கோடு), பொழிவு முகப்பு (துகள் கூட்டத்தின் முன்விளிம்பு), பொழிவு வயது (அதன் வளர்ச்சிக் கட்டம்). 'ஷவர் சைஸ்' மட்டும் 'பொழிவளவு' ஆகக்கூடாது, பரப்பளவு என்றே படிப்பார்கள். அது மொத்தத் துகள் எண்ணிக்கை, 'பொழிவெண்' என்க. 'கோர்' என்பதற்குக் 'கரு' போட்டால் அணுக்கருவோடு மோதும், 'மையம்' போட்டால் கருவி வரிசையின் மையமாகிவிடும். அச்சு தரையைத் தொடும் இடம் என்பதால் 'பொழிவடி'.

முகப்பு என்ற சொல்லுக்கு விளக்கக் குறிப்பு கட்டாயம் வேண்டும். 30 பாகை சாய்ந்து வரும் பொழிவு, சாய்வுத் திசையில் அடுத்தடுத்த இரு கருவிகளை ஏறக்குறைய 13 நானோநொடி வேறுபாட்டில் தொடும். திசை கணிப்பது அந்த வேறுபாட்டிலிருந்துதான். முகப்பைத் தட்டையென்று கொண்டால் கணிப்பு பிசகும். அது பொழிவடியிலிருந்து விலக விலகப் பின்தங்கி வளைகிறது, வளைவோ பொழிவெண்ணையும் வயதையும் பொறுத்தது. முதலில் பொழிவடி, பிறகே திசை.

> காமாப் பொழிவுக்கு 'மியூவான் அற்ற பொழிவு'?

வேண்டாம். காமாவும் எப்போதாவது அணுக்கருவில் மோதிப் பையான்களை உண்டாக்கும். அவை சிதைந்து சில மியூவான்கள் வரும், புரோட்டான் பொழிவைவிட மிகக் குறைவாக. கிரேப்ஸ்-3இல் 560 சதுர மீட்டர் பரப்பில் 3712 விகிதசம எண்ணிக் குழாய்கள் (மின்னூட்டத் துகளை உணரும் வளிமக் குழாய்கள்) கான்கிரீட்டுக்கு அடியில் எண்ணுவது அவற்றைத்தான். புரோட்டான் காந்தப்புலத்தில் வளைந்து வழி மாறிவிடும், காமா மூலத்தை நேராகச் சுட்டும்; இரண்டையும் பிரிக்க அந்த எண்ணிக்கையே முதன்மையான கருவி. பட்டியலில் 'மியூவான் குன்றிய பொழிவு' என்று பதியலாம்.