கீழே விழுந்த அல்வா: சீக்கியர்களோடு உங்களுக்கு நடந்தது என்ன?

வைகைக்கரையான்:
அமிர்தசரஸ், டிசம்பர் மாசம், விடிகாலை நாலரை. வாசல்ல கால் நனைச்சுட்டுப் போற தண்ணி எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். ஹர்மந்திர் சாஹிப்ல, அதான் பொற்கோயில்ல, தரிசனம் முடிஞ்சு வெளிய வரும்போது கடா பிரசாதம்ங்கிற அல்வா கொடுத்தாங்க. கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூணும் சம அளவு. விரலிடுக்குல நெய் வழியுது. நான் ஒரு கையைத்தான் நீட்டினேன். இன்னொரு கையில போன். பாதி கையில விழுந்துச்சு, பாதி தரையில. ஓரமா தள்ளிட்டு நகர்ந்துடலாம்னு பார்த்தேன். காலால. ஆமா, காலாலதான். பின்னாடி நின்ன பெரியவருக்கு எழுபது வயசு இருக்கும், நீலத் தலைப்பாகை. என் கால் நகர்றதுக்குள்ள குனிஞ்சு அதை எடுத்து, நெத்தியில வெச்சு, வாயில போட்டுக்கிட்டார். என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. திட்டியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன். ஆறு வருஷம் ஆச்சு. உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

லூதியானா ரிட்டர்ன்:
உண்டு. ஹாஸ்டல், 2009. என் ரூம்மேட் அமிர்தம் எடுத்தவன், அதாவது சீக்கிய தீட்சை வாங்கினவன். கேஷ் (வெட்டாத முடி), கங்கா (மரச்சீப்பு), கடா (இரும்புக் காப்பு), கச்சேரா (அரைக்கால் உள்ளாடை), கிர்பான் (குறுவாள்) அஞ்சும் உண்டு. குளிக்கும்போதுகூட கிர்பானைக் கழட்டி வைக்க மாட்டான், வாரோட தலையில சுத்திக்குவான். தலைப்பாகைத் துணி அஞ்சாறு மீட்டர் இருக்கும். அதைக் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் எதிரெதிர நின்னு, இழுத்துப் பிடிச்சு, நீளவாக்குல மடிக்கணும். அதுக்குப் பேர் 'பூணி'. தினமும் காலையில ஏழேகாலுக்கு அந்தப் பக்கத்து முனை என் கையில. ரெண்டு வருஷம்.

ஒரு நாள் மொட்டை மாடியில சிகரெட் குடிச்சுட்டு நேரா வந்து முனையைப் பிடிச்சேன். பாதி மடிச்சவன் நிறுத்தினான். துணியை மூக்குகிட்ட கொண்டு போனான். ஒரு வார்த்தை பேசலை. வாளியில ஊறப் போட்டுட்டு வேற துணி எடுத்தான். மறுநாள்ல இருந்து ஒரு முனையை ஜன்னல் கம்பியில கட்டி அவனே மடிச்சுக்கிட்டான்.

புகையிலை அவங்களுக்கு எவ்வளவு பெரிய விலக்குன்னு எனக்குத் தெரியாம இல்லை. பேச்சு, சாப்பாடு, பரீட்சைக்கு நோட்ஸ் மாத்திக்கிறது எல்லாம் பழையபடிதான் இருந்துச்சு. துணி மட்டும் ஜன்னல்ல.

சுற்றுலா சுப்பு:
லூதியானா நண்பரே, அஞ்சு 'க' எல்லா சீக்கியருக்கும் இருக்கும்னு எழுதுறது தப்பு. அது அமிர்தம் எடுத்துக் கால்சாங்கிற அமைப்பில் சேர்ந்தவர்களுக்கு. 1699 வைசாகி அன்னிக்கு அனந்த்பூரில் குரு கோபிந்த் சிங் தலை கேட்டபோது எழுந்து வந்த அஞ்சு பேரில் ஆரம்பிச்சது. அதில் ஒருத்தர் கர்நாடகத்து பீதர்க்காரர், முடிதிருத்தும் குலம். முடியையே வெட்டக்கூடாதுங்கிற மார்க்கத்துக்கு முதல் அஞ்சு பேரில் அவர்! இதையெல்லாம் யாரும் பேச மாட்டீங்க. முடி வெட்டிக்கிட்ட சீக்கியர்களும் ஏராளம், அவங்களும் புனித நூலான குரு கிரந்த் சாஹிப் முன்னாடி நெத்தி தரையில படக் கும்பிடுறவங்கதான்.

என் அனுபவம்: டெல்லி பங்களா சாஹிப் குருத்வாரால ஒரு தடவை சாப்பிட்டேன். பருப்பு நல்லா இருந்துச்சு.

இனி போறவங்களுக்குச் சில விஷயம். தலையை மூடாம உள்ள போகாதீங்க. கர்ச்சீப் போதும், இல்லேன்னா வாசல்லயே துணி கிடைக்கும். பாக்கெட்ல பீடி சிகரெட் கூடாது. சாக்ஸையும் கழட்டணும். குரு கிரந்த் சாஹிப் பக்கம் காலை நீட்டி உட்காராதீங்க. அதைப் புத்தகம்னு நினைக்காதீங்க, அவங்களுக்கு அது உயிரோட இருக்கிற குரு. 1430 பக்கம், பக்கத்தை 'அங்'னுதான் சொல்லுவாங்க. அங்கம், உறுப்பு. ராத்திரி பல்லக்குல கொண்டுபோய்ப் படுக்க வைப்பாங்க, விடிகாலையில திரும்பக் கொண்டு வருவாங்க. கபீர், நாமதேவர், ஷேக் ஃபரீத் பாட்டெல்லாம் அதுக்குள்ள இருக்கு. லங்கர்ல, அதாவது எல்லாருக்குமான இலவசப் பந்தியில, ரொட்டியை ரெண்டு கையும் ஏந்தி வாங்கணும். தட்டுல மிச்சம் வைக்காதீங்க. அக்பரே வந்தாலும் முதல்ல பந்தியில உட்காரணும்னு குரு அமர்தாஸ் காலத்துக் கதை உண்டு. சாப்பிட்டுட்டுப் பணம் எவ்வளவுன்னு கேட்காதீங்க, பாத்திரம் கழுவுற இடத்துல போய் அரை மணி நேரம் நில்லுங்க.

லூதியானா ரிட்டர்ன்:
நான் எழுதினது என் ரூம்மேட்டைப் பத்தி மட்டும் சார். எல்லாரும்னு எங்க சொன்னேன்?

கரோல்பாக் மாமி:
முடி வெட்டிக்கிறதைப் பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன். 1984 நவம்பர் ரெண்டாம் தேதி, டெல்லி. இந்திரா காந்தியைச் சுட்டப்புறம் சீக்கியாளைத் தேடித் தேடிக் கொன்ன நாட்கள். எனக்குப் பதினோரு வயசு. கீழ் போர்ஷன்ல ஒரு சர்தார் குடும்பம், பையனுக்கு என் வயசுதான். தெருமுனையில டயர் எரியற நாத்தம். அவன் அம்மா பின்பக்க மாடிப்படி வழியா அவனைக் கூட்டிண்டு வந்து, எங்கம்மா முன்னாடி உட்கார வெச்சா. ஒண்ணும் கேக்கலை. அவன் ஜூடாவை, அதான் உச்சிக் கொண்டையை, மட்டும் அவிழ்த்து விட்டா. எங்காத்துல இருந்தது ரவிக்கை வெட்டற கத்தரிக்கோல். அம்மாவுக்குக் கை நடுங்கறது, வெட்ட வரலை. அப்போ அந்தப் பையன் பெரியவன் மாதிரி, "ஆண்ட்டி, சீக்கிரம்"னான்.

சுற்றுலா சுப்பு:
அரசாங்கக் கணக்குப்படியே டெல்லியில 2,733 பேர் கொல்லப்பட்டாங்க. இதை எழுதும்போது எண்ணிக்கையையும் சேர்த்து எழுதணும் அம்மா. அந்தச் சூழல்ல முடியை எடுத்தது தப்பில்லைன்னுதான் என் கருத்து.

கரோல்பாக் மாமி:
தப்பா சரியான்னு நான் யார்கிட்டயும் கேக்கலையே.

வைகைக்கரையான்:
அந்த முடியை என்ன பண்ணினீங்க மாமி?

கரோல்பாக் மாமி:
கூட்டித் தள்ள அம்மாவுக்கு மனசு வரலை. தலகாணி உறையில போட்டுக் கொடுத்தா. அவா வாங்கிண்டு போயிட்டா. நாலஞ்சு நாள் கழிச்சு, தெருவுல ராணுவம் வந்தப்புறம், திரும்பப் படியேறி வந்தா. பையனோட மரச்சீப்பைக் காணோமாம், இங்க இருக்கான்னு கேட்டா. தையல் மெஷின் டிராயர்ல இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.