ஆர்டி கர்னல் போட்டால்தான் தாமதம் குறையுமா?

வெள்ளவத்தை மிருதங்கம்:
எல்லோருக்கும் வணக்கம். பழைய ஐ5 மடிக்கணினியில் உபுண்டு 24.04. யூனிட்டி பிளாசாவில் வாங்கிய இரண்டு உள்ளீட்டு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். மிருதங்கத்தின் வலந்தலைப் பக்கம் மைக் வைத்து, ரிவெர்ப் (எதிரொலி) சேர்த்து ஹெட்போனில் கேட்டால் அடி பிந்தி விழுகிறது. ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்து அனுப்புவது என்ற பஃபர் அளவை 64க்கு இறக்கினால் டிக் டிக் என்று வெடிக்கிறது. ஆர்டி (ரியல்-டைம்) கர்னல், அதாவது வேலையைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கவைக்கும் லினக்ஸ் மையம், போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் நண்பர் ஒருவர். போடட்டுமா?

கொட்டாஞ்சேனை கீபோர்ட்:
யோசிக்காமல் போடுங்கள் தம்பி. தேவாலயப் பாடகர் குழுவுக்கு மூன்று வருடமாக லினக்ஸில்தான் வாசிக்கிறேன். சாதாரண கர்னலில் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தடவையாவது வெடிக்கும், அதுவும் எல்லோரும் அமைதியாக நிற்கும் இடத்தில். ஆர்டி போட்ட பிறகு அது இல்லை. இப்போது லினக்ஸ் 6.12 பதிப்பில் மூலக் கர்னலிலேயே சேர்த்துவிட்டார்கள், பயமே தேவையில்லை.

தெஹிவளை சர்க்கியூட்:
அண்ணா, ஒரு திருத்தம். 2024 நவம்பரில் வந்த 6.12இல் சேர்ந்தது ஆர்டியின் நிரல். அதை இயக்கிக் கட்டினால்தான் ஆர்டி கர்னல். உபுண்டுவோடு வரும் பொதுவான கர்னல் அப்படிக் கட்டப்பட்டதல்ல.

தம்பி, உங்களுக்கு இருப்பது இரண்டு பிரச்சினை. அடி பிந்துவது பஃபரால். உபுண்டுவில் ஒலியைக் கையாளும் பைப்வயர் வழக்கமாக 1024 ஃப்ரேம் (ஒலி மாதிரி) பஃபரில் ஓடும். 48000 ஹெர்ட்ஸில் அது 21 மில்லி செக்கன். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று 40ஐத் தாண்டும். எந்தக் கர்னல் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை, ஒரு எண்ணிக்கைக்குள் எட்டுச் சொல் (அடி) என்று வாசித்தால் ஒரு சொல்லுக்கு 94 மில்லி செக்கன்தான். கிட்டத்தட்ட அரைச் சொல் பிந்திக் காதில் விழுந்தால் யாருக்குக் கை ஓடும்? 128க்கு இறக்குங்கள், ஒரு பக்கம் 2.7தான்.

வெடிப்பது வேறு கதை. குறித்த நேரத்துக்குள் சிபியூ வேலையை முடிக்கவில்லை. ஏன் என்று பார்க்காமல் கர்னலை மாற்றுவது, காய்ச்சல் பார்க்காமல் மாத்திரை விழுங்குவது போல. முதலில் உங்கள் பயனர் ஆடியோ குழுவில் இருக்கிறாரா, லிமிட்ஸ் கோப்பில் அந்தக் குழுவுக்கு ஆர்டிபிரையோ (முன்னுரிமை) 95, மெம்லாக் (நினைவகப் பூட்டு) அன்லிமிடெட் இருக்கிறதா என்று பாருங்கள். மின் சேமிப்பை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். வைஃபையை நிறுத்துங்கள். சாதனங்களின் குறுக்கீடுகளுக்கு முன்னுரிமை வைக்க விடும் த்ரெட்ஐஆர்க்யூஸ் என்ற பூட் அளவுருவைச் சேருங்கள். பிறகு பைப்வயரின் பிழைகளை எண்ணிக் காட்டும் பிடபிள்யூ-டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனை கீபோர்ட்:
திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மேடையில் வாசிப்பவனுக்குச் சராசரி முக்கியமில்லை, மிக மோசமான அந்த ஒரு கணம்தான் முக்கியம். அந்தக் கணத்தைக் கட்டுப்படுத்தத்தானே இருபது வருடமாக அந்த வேலையைச் செய்தார்கள்? நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் நானும் செய்தேன். வெடிப்பு குறைந்தது, நிற்கவில்லை.

தெஹிவளை சர்க்கியூட்:
உங்கள் மேடைக்கு அது சரி அண்ணா. தம்பி வீட்டில் பழகுகிறார். உபுண்டு 24.04இல் ஆர்டி வேண்டுமென்றால் உபுண்டு ப்ரோ கணக்கு திறக்க வேண்டும், சொந்தக் கணினிக்கு இலவசம்தான். என்விடியா அட்டை இருந்தால் அதன் டிரைவர் ஆர்டியில் கட்ட மறுக்கும், அதற்கு வேறு வழி தேட வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே தலையில் ஏற்ற வேண்டுமா? தாமதம் குறைக்க அமைத்த லோ-லேட்டன்சி கர்னல் உபுண்டுவின் களஞ்சியத்திலேயே இருக்கிறது, ஒரு கட்டளை போதும்.

பம்பலப்பிட்டி வாய்ப்பாட்டு:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். உங்கள் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் குமிழ் இருக்கிறதா? இருந்தால் அடி கணினிக்குள் போகாமலே காதுக்கு வரும். ரிவெர்ப்பை மட்டும் கணினியிலிருந்து எடுங்கள். ரிவெர்ப் கொஞ்சம் பிந்தினாலும் காது பொறுத்துக்கொள்ளும். என் மாணவிகளுக்கு இப்படித்தான் செய்கிறேன்.

வெள்ளவத்தை மிருதங்கம்:
எல்லோருக்கும் நன்றி. குமிழ் இருக்கிறது அக்கா, ஆனால் வாசித்த ஒலியையே மென்பொருளில் மாற்றிக் கேட்க வேண்டும், அதனால் எனக்குச் சரிவராது. நேற்றிரவு சர்க்கியூட் அண்ணா சொன்னபடி எல்லாம் செய்து அரை மணி நேரம் வாசித்தேன். வைஃபை இருந்தபோது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பிடபிள்யூ-டாப்பில் பிழை எண் ஏறியது. நிறுத்தியதும் 128இல் பூச்சியம். 64இல் மூன்று.

கொட்டாஞ்சேனை கீபோர்ட்:
அந்த மூன்றைத்தான் தம்பி நான் சொல்கிறேன்.

தெஹிவளை சர்க்கியூட்:
64 எதற்கு அண்ணா? வெளியீட்டையும் உள்ளீட்டையும் ஒரு கேபிளால் இணைத்து, ஜாக்-ஐஓடிலே என்ற தாமதம் அளக்கும் கருவியால் 128இல் முழுச் சுற்றையும் அளக்கட்டும். யூஎஸ்பி தாமதமும் அதற்குள் வந்துவிடும். 10 மில்லி செக்கனுக்குள் இருந்தால், ஸ்பீக்கர் பெட்டியை மூன்றரை மீட்டர் தள்ளி வைத்துக் கேட்பது போலத்தான்.

வெள்ளவத்தை மிருதங்கம்:
அளந்தேன், 9.4. இன்றைக்குக் கை ஓடுகிறது. மார்கழியில் ஒரு மேடை இருக்கிறது. அதற்கு முன் கீபோர்ட் அண்ணா சொன்ன ஆர்டியை வேறு பார்ட்டிஷனில் போட்டு, இதே அரை மணி நேரத்தை 64இல் வாசித்துப் பார்த்து எண்ணிக்கையை இங்கே போடுகிறேன்.