அயர்லாந்து போய் இறங்கியிருக்கும் நம் மலைப் பிள்ளைகளுக்கு

அயர்லாந்திலிருந்து லீவுக்கு நீலகிரி மலையில் இருக்கும் பந்தலூர் வந்திருக்கிறேன். நம் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலிருந்து நர்ஸ் வேலைக்குப் போன பிள்ளைகள், "அக்கா, முதலில் என்ன செய்யணும்?" என்று கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பி.பி.எஸ். எண் வாங்குங்கள், வரிக்கும் அரசுச் சேவைகளுக்கும் அங்கே கேட்கும் அடையாள எண் அது. அது இல்லாவிட்டால் அவசர வரி என்று சம்பளத்தில் நிறையப் பிடித்துவிடுவார்கள். பிறகு திரும்பி வரும்தான், ஆனால் முதல் மாத வாடகைக்கு உதவாது. 90 நாளுக்குள் குடியேற்றப் பதிவையும் முடித்துவிடுங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.

அப்புறம், அந்த ஊரைப் புரிந்துகொள்ளுங்கள். நம்மைப் போலவே ஆளை வெளியே அனுப்பிப் பழகிய நாடு அது. 1845-ல் உருளைக்கிழங்கு அழுகித் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். கிட்டத்தட்ட அதே அளவு பேர் கப்பலேறினார்கள். நூறு வருஷம் கழித்தும் அது நிற்கவில்லை. 1961-ல் மிஞ்சியவர்கள் 28 லட்சம். 1990-களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து வேலை பெருகிய பிறகு போகிறவர்களைவிட வருகிறவர்கள் அதிகமானார்கள். 2008 பொருளாதார நெருக்கடியில் மறுபடியும் பிள்ளைகள் கிளம்பினார்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 51 லட்சம் பேர். ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர்.

நான் இருக்கும் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் என் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள், "உன் வீட்டில் நீதான் முதலில் ஊரை விட்டு வந்தவளா?" என்று கேட்டார். இல்லை என்று அப்பாயி கதையைச் சொன்னேன். சிலோன் தேயிலைக்குப் போன குடும்பம், அங்கிருந்த நம் ஆட்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு அரசுகளும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் கேம்ப் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. அப்பாயி சாகும்வரை தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்பக் கார்டைத் தலையணைக்கடியில் வைத்திருந்ததையும் சொன்னேன். பாட்டி பேசாமல் எழுந்து போய், 1950-களில் இங்கிலாந்துக்குக் கூலி வேலைக்குப் போன அண்ணனின் கடிதங்களை எடுத்து வந்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் நான் அந்நியமாக உணரவில்லை.

எல்லாரும் அவரைப் போல இருக்க மாட்டார்கள். 2025 கோடையில் டப்ளினில் இந்தியர்கள் தாக்கப்பட்டார்கள். நம் தூதரகமே எச்சரிக்கை விட்டது. நைட் டியூட்டி முடிந்து தனியாக நடக்காதீர்கள். ஏதாவது என்றால் தயங்காமல் 999 அல்லது 112-க்கு அடியுங்கள்.

இங்கே பந்தலூரில் எங்கள் எதிர் வீட்டில் இப்போது கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம் இருக்கிறது. ரேஷன் கடையில் தமிழ் பேசத் தெரியாமல் நின்ற அந்தப் பெண்ணை அம்மாதான் கூட்டிவந்தார்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் நெய், பால்கோவா வேண்டாம், ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். டீத்தூள் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கொடுங்கள். நம்மைவிட அதிகமாக டீ குடிக்கிற ஜனங்கள் அவர்கள்.